லூணி எதுவரை வரும்?

முதல் நாள், அஜ்மீர்

ஆறு பார்க்கப் போகிறேன் என்று ஒரு வாரம் லீவு கேட்டதும், ஜெய்ப்பூர் அலுவலகத்தில் எல்லாரும் ரிஷிகேஷ் என்றே நினைத்துக்கொண்டார்கள். லூணி என்றேன். "அதில் பார்க்க என்ன இருக்கிறது, மணல்தானே?" என்றார் பக்கத்து மேஜைக்காரர். வருஷத்தில் பாதிக்கு மேல் அவர் சொல்வது சரி. ஆனால் இது ஆகஸ்ட். அஜ்மீர் பக்கம் இரண்டு இரவாக நல்ல மழை.

எனக்கு ஊர் பரமக்குடி. ஆறு என்றால் மணல் என்றே பார்த்து வளர்ந்தவன். வைகையில் தண்ணீர் வந்தால் பள்ளிக்கூடம் விட்டதும் பாலத்துக்கு ஓடுவோம். லூணியோ வைகையைவிட மோசம். அஜ்மீருக்கு மேற்கே ஆரவல்லியின் நாக மலையில் பிறந்து, தார் பாலைவனத்தின் ஓரமாகவே சுமார் 495 கிலோமீட்டர் போய், கடலைச் சேராமல் கட்ச் ரண் சதுப்பில் கலைந்துபோகிறது. அதுவும் நல்ல மழை வருஷத்தில்தான். மற்ற வருஷங்களில் வழியிலேயே எங்காவது தீர்ந்துவிடும். இந்த வருஷம் எதுவரை வருகிறது என்று கூடவே போய்ப் பார்ப்பதுதான் திட்டம்.

மாலையில் ஆனாசாகர் ஏரிக்கரை. 12ஆம் நூற்றாண்டில் அர்ணோராஜா கட்டியது, கரையில் இருக்கும் பளிங்கு மண்டபங்கள் ஷாஜகான் காலத்தவை. கூட்டமெல்லாம் மண்டபத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. நான் தேடிப்போனது ஏரியின் மிகைநீர் வெளியேறும் வாய்க்காலை. நகரத்துச் சாக்கடை போலத்தான் இருக்கிறது. சாகர்மதி என்ற ஓடையாகப் போய் லூணியில் சேர்வது இந்தத் தண்ணீர்தான். ஏரி தெரியும் அறை என்று சொல்லிப் பணம் வாங்கிய விடுதியில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்.

இரண்டாம் நாள், கோவிந்த்கட்

வாடகைக் கார் ஓட்டுபவர் மார்வார்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். நான் அவரை 'பாயிசா' என்கிறேன், அவர் என்னை 'சாப்' என்கிறார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை.

புஷ்கர் பக்கமிருந்து வரும் சரஸ்வதி ஓடையும் சாகர்மதியும் கோவிந்த்கட்டில் சேர்கின்றன. அதற்குப் பிறகுதான் ஆற்றின் பெயர் லூணி. காலை எட்டு மணிக்குப் போனபோது முழங்கால் ஆழத்தில் செங்கல் பொடி கரைத்த நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அடடா, ஆறு ஓடுகிறதே என்று நான் மகிழ்ந்தபோது டீக்கடைப் பெரியவர் சிரித்தார். நேற்று ராத்திரி ஒன்பது மணிக்குப் பார்த்திருக்க வேண்டுமாம்.

அவர் கை காட்டிய இடத்தில் கரையோர முட்புதர்களில் வைக்கோலும் பிளாஸ்டிக் பைகளும் என் நெஞ்சு உயரத்துக்கு மாட்டித் தொங்கின. ராத்திரி தண்ணீர் அதுவரை இருந்திருக்கிறது. சில மணி நேரத்தில் ஏறி, விடிவதற்குள் முக்கால்வாசி வடிந்துவிட்டது. பாலைவன ஆறுகளின் சுபாவமே இதுதான். மரமும் மண்போர்வையும் குறைந்த பாறைச் சரிவில் பெய்யும் மழை உள்ளே இறங்க நேரமில்லாமல் வழிந்து வருகிறது. வரும்போது மொத்தமாக வரும், போகும்போது சொல்லிக்கொள்ளாமல் போகும். ஊற்றுநீர் கொடுத்து ஓட்டத்தைத் தாங்கிப் பிடிக்க அடியில் ஒன்றும் இல்லை. நிலத்தடி நீர் இங்கே ஆற்றைவிட ஆழத்தில் கிடக்கிறது. ஆறுதான் நிலத்துக்குக் கொடுக்கவேண்டியிருக்கிறது.

பெரியவர் சொன்ன வாக்கியம் பிடித்திருந்தது. "நதீ ஆயீ." நதி வந்தது. 'தண்ணீர் வந்தது' என்று சொல்லவில்லை. மற்ற நாட்களில் இங்கே இருப்பது நதியின் இடம் மட்டும், நதி வேறெங்கோ போயிருக்கிறது என்பது போல.

அங்கிருந்து கொஞ்ச தூரம் தள்ளி ஒரு கிராமத்தில் டீசல் போட நின்றோம். அங்கே ஒரு துளி மழை இல்லை. புழுதி பறந்தது. பாலைவனப் பருவமழை கோடைமழை போலத்தான், ஒரு மேகக்கூட்டம் நின்ற இடத்தில் கொட்டும், பக்கத்து ஊரில் கம்பு வாடும்.

மூன்றாம் நாள், பிலாரா

ஏமாற்றம். நான் துரத்திவந்த வெள்ளம் பிச்சியாக் கிராமத்து ஜஸ்வந்த் சாகர் அணைக்குள் போய் அடங்கிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோத்பூர் மன்னர் இரண்டாம் ஜஸ்வந்த் சிங் காலத்தில் கட்டியது. நீர்த்தேக்கத்தின் அடியில் பழுப்பாக ஒரு குட்டை, அவ்வளவுதான். அணைக்குக் கீழே மணல். ஆட்டுப் புழுக்கை, கிரிக்கெட் ஸ்டம்புகள்.

1979 ஜூலையில் இதே ஆறு வேறு மாதிரி வந்தது. லூணிப் படுகை முழுக்க அடித்த மழையில் வந்த அந்த வெள்ளத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாயிசாவுக்கு அப்போது விவரம் தெரியாத வயது. அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியதாகச் சொல்லிக் கேள்வியாம்.

பயணம் இத்தோடு முடிந்ததா என்று தாபாவில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது பாயிசாவுக்குப் பாலியிலிருந்து மைத்துனர் போன். "பாண்டீயில் தண்ணீர் வருகிறதாம் சாப்." எனக்கு ஒரு கணம் பாண்டிச்சேரி ஞாபகம் வந்தது. அது ஆற்றின் பெயர்.

நான்காம் நாள், பாலி

லூணியை ஒரு ஆறாக நினைத்ததுதான் என் தப்பு. படத்தைப் பரப்பி வைத்துப் பார்த்தால் புரிகிறது. லீல்டி, மித்ரி, பாண்டி, சூக்ரி, ஜவாயி எல்லாம் ஆரவல்லியின் மேற்குச் சரிவில் இறங்கி இடது பக்கமாக வந்து சேர்கின்றன. வலது பக்கம் ஜோஜரி ஒன்றுதான் பேர் சொல்லும் ஆறு, அதற்கு ஆரவல்லிச் சம்பந்தம் இல்லை. மழை எந்தச் சரிவில் விழுகிறதோ அந்தக் கிளையில் வெள்ளம். அது லூணியில் சேர்ந்ததும் அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு 'லூணி வந்தது'. மேலே உள்ளவர்களுக்கு வரவில்லை. ஒரே ஆற்றின் நடுப்பகுதி மட்டும் ஓடும், தலையும் காலும் காய்ந்து கிடக்கும். கோவிந்த்கட்டில் நான் பார்த்ததும் இனி பார்க்கப்போவதும் வேறு வேறு மழையின் தண்ணீர்.

ஜவாயியின் தண்ணீரை 1957இல் கட்டி முடித்த அணை பிடித்து வைத்துக்கொள்கிறது. பாலி ஊரின் குடிநீரே அங்கிருந்துதான்.

பாண்டி நதி பாலத்தில் நின்று பார்த்தேன். நதி என்று சொல்ல நா எழவில்லை. பாலி சாயப்பட்டறை ஊர். மழை இல்லாத மாதங்களில் இந்தப் படுகையில் ஓடுவது பெரும்பாலும் சாயக் கழிவுதான். ஓடித் தேங்கி மணலில் ஊறி, உப்பும் நிறமுமாகக் காத்துக்கிடக்கும். முதல் வெள்ளம் அத்தனையையும் ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு போகிறது. கருநீலத் தண்ணீர், மேலே இடுப்பளவு நுரை. திருப்பூரில் நொய்யலைப் பார்த்தவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை. பாலத்தில் ஐந்து நிமிஷம், மூக்கைப் பிடித்துக்கொண்டு காருக்குத் திரும்பிவிட்டேன்.

"இது லூணிக்கரையில் இருக்கும் சமதடி போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன். "நதியைக் கேட்க வேண்டும்" என்றார் பாயிசா. பிறகு, சேர்ந்தால் நாளை மாலை என்றார்.

ஐந்தாம் நாள், சமதடி

இன்று பார்த்ததை நிதானமாக எழுதுகிறேன்.

ஆற்றின் குறுக்கே பாலம் இல்லாத இடங்களில் மணலோடு மணலாகக் கான்கிரீட் போட்டிருப்பார்கள். நம் தரைப்பாலம். இங்கே 'ரபட்' என்கிறார்கள். சமதடிக்குக் கொஞ்சம் மேலே அப்படி ஒரு ரபட்டில் மூன்று மணியிலிருந்து உட்கார்ந்திருந்தோம். எங்களோடு இன்னும் நூறு பேர் இருப்பார்கள். மேலூர்க்காரர்கள் போன் செய்துகொண்டே இருந்தார்கள். அங்கே தாண்டிவிட்டது, இங்கே தாண்டிவிட்டது என்று கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வண்டியை விசாரிப்பது போல ஒரு பரபரப்பு. ஒருவர் டோலக்கு கொண்டுவந்திருந்தார். பெண்கள் தட்டில் குங்குமம், தேங்காய், சிவப்புத் துப்பட்டா.

படுகை அங்கே அரைக் கிலோமீட்டர் அகலம் இருக்கும். பாதியை வேலிக்காத்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆமாம், நம் ஊரைப் பிடித்த அதே சீமைக் கருவேலம்தான். இங்கே 'விலாயதி பபூல்'. அங்கிருந்து முதலில் வந்தது சத்தம். தண்ணீரின் சத்தம் என்று நினைக்கத் தோன்றாது, காய்ந்த சருகை யாரோ பெருக்குவது போல ஒரு சரசரப்பு. பிறகு பறவைகள். கொக்கும் மைனாவும் கரிச்சானும் தாழப் பறந்து இறங்கி எழுந்துகொண்டே வந்தன. மணலுக்குள் இருந்த பூச்சிகள் எல்லாம் தண்ணீருக்கு முன்னால் ஓடி வந்தன, அவற்றுக்குத்தான் அந்த விருந்து. ஒரு தேள் என் செருப்பைத் தாண்டி ஓடியது.

அப்புறம் ஆறு வந்தது. சினிமாவில் வரும் தண்ணீர்ச் சுவர் இல்லை. முழங்காலுக்குக் கீழே உயரம், ஆள் வேகமாக நடக்கும் வேகம். முன் வரிசையில் தண்ணீரே தெரியவில்லை. செத்தை, முள், ஆட்டுப் புழுக்கை, செருப்பு, தெர்மாகோல், நுரை எல்லாம் சேர்ந்து ஒரு பாயாக உருண்டு வந்தது. நேராகவும் வரவில்லை. பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு நாக்கை நீட்டும், அது நிரம்பும்வரை நிற்கும், நிரம்பியதும் இன்னொரு பக்கம் நாக்கை நீட்டும். ஈரம் பட்ட மணல் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது. உள்ளே அடைபட்டிருந்த காற்று வெளியேறுகிறது. அரிசி உலை கொதிக்கிற மாதிரி அந்தப் படுகை முழுக்க ஒரு சளசளப்பு.

வெள்ளத்தின் முகம் ஏன் இப்படிச் செங்குத்தாக இருக்கிறது என்பதை முன்பு படித்திருக்கிறேன், நின்று பார்த்தபோதுதான் மனசில் இறங்கியது. முன்னால் போகும் மெல்லிய தண்ணீரைக் காய்ந்த மணல் குடித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் அது தயங்குகிறது. பின்னால் வருவது ஏற்கெனவே நனைந்த மணலில் ஆழமாகவும் வேகமாகவும் வருகிறது, முன்னதை எட்டிப் பிடித்து அதன் மேலேயே ஏறுகிறது. ஆகவே சரிவாக ஆரம்பிக்க வேண்டிய வெள்ளம் ஒரு படியாக மாறிவிடுகிறது. கால்மணி நேரத்தில் ரபட் மறைந்து, முக்கால் மணியில் இடுப்பளவு ஆனது. மலைப்பக்கம் மழை தெரியாமல் படுகையில் கூடாரம் போட்டுத் தூங்குபவர்கள் செத்துப்போவது இப்படித்தான்.

டோலக்கு முழங்கியது. பெண்கள் துப்பட்டாவைத் தண்ணீரில் விட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள். பாலியின் நுரையும் நாற்றமும் கொஞ்சம் குறைந்திருந்தாலும் கூடவே வந்திருந்தது. குங்குமம் அந்தக் கருப்பு நுரையில் விழுந்தது. எனக்குத் தாங்கவில்லை, பக்கத்தில் நின்ற பாட்டியிடம், "மாஜீ, இந்தத் தண்ணீருக்கா பூஜை?" என்று கேட்டுவிட்டேன். "வந்தவளை வாசலில் நிறுத்தி அழுக்கு என்று சொல்லலாமா? முதல் தண்ணீர் பெருக்கிக்கொண்டு போகும். பின்னால் வருவதுதான் கிணற்றுக்கு" என்றார். பாதி சரி. பின்னால் வந்தது நிஜமாகவே தெளிந்த செம்மண் நிறம். மீதிப் பாதி, முதல் தண்ணீரும் கீழே யாரோ ஒருவர் கிணற்றுக்குத்தான் போகும்.

ஆறு மணிக்குத் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. அக்கரையில் ஒரு ஜீப் கடக்கப் பார்த்தது, கரையில் இருந்தவர்கள் கத்தி நிறுத்தினார்கள். முழங்கால் ஆழம்தானே என்றேன் பாயிசாவிடம். "மேலே முழங்கால். கீழே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?" ஏறுகிற வெள்ளம் படுகை மணலையே அறுத்துக்கொண்டு போகிறது, இறங்கும்போது வேறு மணலைக் கொட்டிப் பள்ளத்தை மூடிவிடுகிறது. காய்ந்த பிறகு பார்த்தால் எதுவும் நடக்காத மாதிரி அதே மட்டம். 1960களில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் லூனா லியோபோல்ட் குழுவினர் மணலாற்றில் சங்கிலிகளைச் செங்குத்தாகப் புதைத்துவைத்து இதைக் கண்டுபிடித்தார்கள். வெள்ளம் போனபின் தோண்டினால், அறுத்த ஆழம் வரை சங்கிலி மடிந்து படுத்திருக்கும். பாயிசாவுக்குச் சங்கிலி தேவைப்படவில்லை. அவர் சித்தப்பாவின் டிராக்டர் ஒன்று இந்த மணலுக்குள் இருக்கிறதாம்.

ஆறாம் நாள், பாலோத்ரா, பச்பத்ரா, கவாஸ்

தண்ணீருக்கு முன்னால் நாங்கள் பாலோத்ரா வந்துவிட்டோம். ஆற்றுப் பாலத்தில் ஒரு கூட்டம் கிழக்கே பார்த்து நிற்கிறது. கீழே மணல். காத்திருக்கப் பொறுமை இல்லாமல் சுற்றக் கிளம்பினோம்.

பாலோத்ரா வரை லூணி நல்ல தண்ணீர், அதற்குக் கீழே உப்பு என்று பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. பெயரே உப்பிலிருந்து வந்ததுதான். பக்கத்தில் பச்பத்ராவில் உப்பு எடுக்கிறார்கள். குழி தோண்டி, கீழிருந்து ஊறும் உவர்நீரில் முட்செடிக் கிளைகளைப் போட்டுவைப்பார்கள். கிளையில் உப்பு பூத்துப் படியும். மழைக்காலமாதலால் வேலை இல்லை, குழிகளில் வெறும் வானம்.

ஆறு மேற்கே போகப்போக மழை குறைகிறது. அஜ்மீரில் வருஷத்துக்கு 500 மில்லிமீட்டருக்கு மேல், பார்மேரில் 270 பக்கம். ஆகவே புதுத் தண்ணீர் சேராது, மணல் குடிப்பது மட்டும் நிற்காது. தண்ணீர் குறையக் குறைய வண்டல் அதில் அப்படியே தங்கி, குழம்பு சுண்டுவது போல ஆறு கெட்டியாகிறது. இப்படி வழியில் குறையும் அளவை ஜோத்பூர் வறண்ட நில ஆராய்ச்சி நிலையமான காஸ்ரியின் ஆட்கள் லூணியிலேயே அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அரிசோனாவின் வால்நட் கல்ச்சில் 1950களிலிருந்து ஓடைக்குக் குறுக்கே அளவுத்தொட்டிகள் கட்டி இதே வேலை நடக்கிறது. மேலே ஒரு தொட்டியில் பதிவான வெள்ளம் சில கிலோமீட்டர் கீழே வரும்போது பாதியாகியிருக்கும், சில வெள்ளம் அடுத்த தொட்டிக்கு வந்தே சேராது. அவர்கள் வார்த்தையில் இது 'இழப்பு'. ஆற்றின் கணக்கில் இழப்பு, சரி.

குடிக்காத மண்ணும் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் கவாஸ் போனோம். 2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டத்தில் ஒரு வருஷத்துக்கான மழையைவிட அதிகம் சில நாட்களில் கொட்டியது. பல வருஷம் தண்ணீர் பார்க்காத பழைய ஓடைத்தடம் உயிர்பெற்று இந்தக் கிராமத்தை மூழ்கடித்தது. நூறு பேருக்கு மேல் மாவட்டத்தில் இறந்தார்கள். பாலைவனம்தானே, இரண்டு நாளில் மணல் குடித்துவிடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்தார்கள். மாதக்கணக்கில் நின்றது. மணலுக்குக் கீழே ஜிப்சமும் களியும் தட்டு மாதிரி படிந்திருக்கிறது. ஒரு கடைக்காரர் சுவரில் அந்தத் தண்ணீர்க்கோட்டைக் காட்டினார். கையை உயர்த்தினால் எனக்கு எட்டவில்லை. ஓடைத்தடத்தில் வீடு கட்டியதாக இவர்களைக் குறை சொல்வது சுலபம். ஓடை என்று ஒன்று இருந்தது தாத்தாவுக்கே தெரியாது என்றால் யாரை என்ன சொல்வது?

திரும்பும் வழியில் தில்வாடா. பங்குனி வாக்கில் லூணியின் காய்ந்த படுகையிலேயே மல்லிநாத் சந்தை கூடும். ஒட்டகம், குதிரை, காளை என்று மணலில் ஒரு ஊரே எழும்பும். பரமக்குடி வைகை மணலில் சித்திரைத் திருவிழா பார்த்தவனுக்கு அது அதிசயமாகப் படவில்லை. மனசு மட்டும் கொஞ்சம் ஊருக்குப் போய்விட்டு வந்தது.

இரவு ஒன்பது மணி. பாலத்தில் கூட்டம் கலைந்துவிட்டது. தண்ணீர் வரவில்லை.

ஏழாம் நாள், பாலோத்ராவுக்குக் கிழக்கே

காலையிலும் வரவில்லை. சரி, நாமே போய்ப் பார்ப்போம் என்று காரைக் கரையில் விட்டுவிட்டுப் படுகையில் கிழக்கே நடந்தோம். ஒன்றரை மணி நேரம். பாயிசா முதலில் வாசனை பிடித்தார்.

லூணியின் முனை அங்கே இருந்தது. ஆற்றங்கரை தெரியும், கழிமுகம் தெரியும், ஆற்றின் நுனி என்று ஒன்றை முதல்முறையாகப் பார்க்கிறேன். சமதடியில் உருண்டு வந்ததன் மிச்சம் ஒரு கெஜம் அகலத்தில், விரல் ஆழத்தில், சத்தமில்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. முன்னால் சருகும் நுரையும் ஒரு கோடாக. கோட்டுக்கு முன்னால் இரண்டு சாண் மணல் கருத்திருந்தது, தண்ணீர் மேலே வருவதற்கு முன் அடியில் போய்விட்டிருந்தது. பாயிசா வேப்பங்குச்சி ஒன்றை அதன் முன்னால் ஒரு முழம் தள்ளி நட்டார். நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். முக்கால் முழம் வந்தது. அப்புறம் நுரைக்கோடு அங்கேயே நின்றது, பின்னால் இருந்த தண்ணீர் பளபளப்பை இழந்தது, அவ்வளவுதான். மேலே ஈரக்களி தோல் மாதிரி படிந்து கிடந்தது. நாளைக்கு அது வெடித்து அப்பளமாகச் சுருளும்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த விவசாயி வந்தார். "பாலோத்ராவில் எல்லாரும் காத்திருந்தார்கள், பாவம், வந்து சேரவில்லை" என்றேன். "அவர்களுக்கு வரவில்லை. எனக்கு வந்தாயிற்றே" என்றார்.

கிணற்றைக் காட்டினார். படுகையிலிருந்து நூறடி தள்ளி, கல் கட்டிய பழைய கிணறு. மழை பொய்த்தால் தண்ணீர் கரித்துப்போகும், ஆறு வந்த வருஷம் சீரகம் போடலாம் என்றார். இந்த வெள்ளம் மணலை நனைத்து வைத்திருப்பதால் அடுத்தது வந்தால் இன்னும் தூரம் போகும், ஒருவேளை பாலோத்ராவைத் தாண்டும் என்பதையும் நான் சொல்வதற்கு முன் அவரே சொன்னார். கிணற்று உருளையில் ஒரு கயிறு தொங்கியது. நுனியில் கல், நடுவில் அங்கங்கே துணி முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சும் ஒவ்வொரு வருஷத்து மட்டமாம்.

இறக்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"இன்றைக்குப் பார்த்து என்ன? அது நடந்து வரவேண்டாமா? நாலு நாள் ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு ஆடுகளின் பின்னால் போனார். எனக்கு ஐந்து மணிக்குச் சமதடியில் ரயில்.